எல்லாருக்கும் ஒரே நோட்டு

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் "பொதுவாழ்வில் நேர்மை" என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நானும் உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர்தான். சில வருஷமாக சட்ட விழிப்புணர்வு முகாம்களில் தன்னார்வலராகவும் போய் வருகிறேன். "பொதுவாழ்வில் நேர்மை"ன்னு தலைப்பு கொடுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "அது எந்த ஊர்ல இருக்கு, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனால் யோசிச்சுப் பார்த்தால் அது நம்மிடமே இருக்கிறது. நம்ம குழு நோட்டில் இருக்கிறது.

மாதக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது அரசியல் பேச்சு வரும். ரெண்டே ரெண்டு வசனம்தான் எப்பவும் காதில் விழும். ஒண்ணு, "எல்லாரும்தான் வாங்குறாங்க." இன்னொண்ணு, "அவரை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?" முதல் வசனத்தில் சலிப்பு இருக்கிறது, ரெண்டாவதில் கோபம் இருக்கிறது. ரெண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ரெண்டையும் சேர்த்துச் சொன்னால் கடைசியில் யாரையுமே கேள்வி கேட்க முடியாமல் போகிறது. அந்த முடிச்சைத்தான் இன்றைக்கு அவிழ்த்துப் பார்க்கப் போறேன்.

ஒண்ணு முதலிலேயே சொல்லிடறேன். நம்ம கூட்டமைப்பு எந்தக் கட்சியையும் சேர்ந்தது கிடையாது. இங்கே எல்லாக் கட்சி வீட்டுப் பெண்களும் இருக்கிறீர்கள். ஒரு கட்சிக்காரர் பேரைச் சொன்னால் எதிர்க்கட்சிக்காரர் பேரையும் சொல்வேன். முடியாத வழக்கை முடியவில்லை என்றே சொல்வேன். யாரும் மனசில் எடுத்துக்க வேண்டாம்.

மருதையாற்றுப் பாலம்

நேர்மைக்கு உதாரணம் தேடி நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அரியலூர்லயே இருக்கிறது. 1956-ஆம் வருஷம் நவம்பர் 23, விடியற்காலை. நல்ல அடைமழைக் காலம். மெட்ராஸிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் ரயில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவில் மருதையாற்றுப் பாலத்தில் விழுந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள்.

அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அதற்குச் சில மாதம் முன்னால்தான் மகபூப்நகர் பக்கம் இதே மாதிரி ஒரு ரயில் விபத்து. அப்பவே ராஜினாமா கொடுத்தார், பிரதமர் நேரு வாங்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார், இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். துணை மந்திரியாக இருந்த நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஓ.வி.அழகேசனும் கூடவே பதவி விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? சாஸ்திரி அந்தப் பாலத்தைக் கட்டவில்லை, ரயிலை ஓட்டவில்லை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ராஜினாமாவை ஏற்ற நேருவும், விபத்துக்கு இவர்தான் காரணம் என்று நினைத்து ஏற்கவில்லை, பொதுவாழ்வில் ஒரு முன்மாதிரி இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார். அதனால் சாஸ்திரி பேர் கெட்டதா? அடுத்த வருஷமே மறுபடி மந்திரி. 1964-ல் நாட்டுக்கே பிரதமர்.

சட்டம் கேட்கிற கேள்வி வேற, பொறுப்பு கேட்கிற கேள்வி வேற. "இவர் தப்பு செஞ்சாரா?" என்பது சட்டத்தின் கேள்வி. அதற்கு ஆதாரம் வேணும், சாட்சி வேணும், நாள் ஆகும். "விசாரணை நடக்கும்போது இவர் அந்த நாற்காலியில் உட்காரலாமா?" என்பது பொறுப்பின் கேள்வி. அதற்கு நாள் ஆக வேண்டியதில்லை. இன்றைக்கு யாரைக் கேட்டாலும், "கோர்ட்டு சொல்லட்டும், அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்" என்கிறார்கள். ரெண்டு கேள்வியையும் ஒண்ணாக்கி, ரெண்டுக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

டீக்கடைத் தீர்ப்பு

பெரம்பலூர் பக்கம் வருவோம். இந்தப் பேரைச் சொல்லாமல் நம்ம ஊரில் இந்தத் தலைப்பைப் பேச முடியாது. ஆ.ராசா 1996, 1999, 2004 மூணு தேர்தலிலும் பெரம்பலூர் தொகுதியில் ஜெயித்தவர். அப்புறம் நீலகிரி. 2007-லிருந்து தொலைத்தொடர்பு மந்திரி. 2ஜி அலைக்கற்றையைக் கொடுத்த முறையால் அரசாங்கத்துக்கு ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி வரைக்கும் வருமானம் போயிருக்கலாம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குப் போட்டார். 2010 நவம்பரில் ராசா பதவி விலகினார். 2011 பிப்ரவரி 2-ஆம் தேதி சி.பி.ஐ. கைது செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் திகார் சிறை.

அந்தச் சமயம் நம்ம ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். டீக்கடையில் பாதிப் பேர் "கொள்ளை"ன்னாங்க. மீதிப் பேர் "நம்ம ஆளு முன்னுக்கு வந்தா பொறுக்காது, பழி வாங்குறாங்க"ன்னாங்க. ஆதாரம் என்ன, அதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டவர்கள் குறைவு.

நடந்ததைச் சொல்றேன். 2012 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. கொடுத்த முறை சரியில்லை என்றது. ஆனால் லஞ்ச வழக்கில், 2017 டிசம்பர் 21-ல் சிறப்பு நீதிபதி ஓ.பி.சைனி, ராசா, கனிமொழி உள்பட எல்லாரையும் விடுதலை செய்தார். ஏழு வருஷமாக, கோடை விடுமுறையில்கூட, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் யாராவது சட்டப்படி செல்லுகிற ஆதாரத்தோடு வருவார்களா என்று காத்திருந்தேன், ஒருத்தரும் வரவில்லை என்று வருத்தப்பட்டுத் தீர்ப்பில் எழுதினார். சி.பி.ஐ. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்கலாம் என்று 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஒரே விஷயத்தில் ரெண்டு நீதிமன்றம் ரெண்டு மாதிரி சொல்லிச்சான்னு குழம்ப வேண்டாம். கொடுத்த முறை சரியா என்பது ஒரு கேள்வி. கொடுக்கக் கைநீட்டிப் பணம் வாங்கினாரா என்பது இன்னொரு கேள்வி. நம்ம குழுவிலேயே பாருங்கள். தீர்மானம் போடாமல் ஊக்குநர் ஒருத்தருக்குக் கடன் கொடுத்துட்டா, அந்தக் கடன் செல்லாது என்று சொல்லலாம். அதுக்காக அவங்க கமிஷன் வாங்கினாங்கன்னு சொல்லிட முடியுமா? அதுக்குத் தனியாக ஆதாரம் வேணும். வவுச்சர் இல்லாத செலவை நாம் ஏத்துக்க மாட்டோம். அதே மாதிரி, வவுச்சர் இல்லாத பழியையும் ஏத்துக்கக் கூடாது.

ஆட்சி மாறினால் கணக்கு மாறுது

இப்போ ரெண்டாவது வசனத்துக்கு வர்றேன். "அவரை மட்டும் ஏன் பிடிக்கிறாங்க?"

தமிழ்நாட்டில் லஞ்ச வழக்கை விசாரிக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. 1964-லிருந்து இருக்கிறது. நல்ல துறைதான். வி.ஏ.ஓ. முதல் பெரிய அதிகாரி வரைக்கும் கையும் களவுமாகப் பிடித்த செய்தி வாராவாரம் பேப்பரில் வருகிறது. ஆனால் அந்தத் துறை யாருக்குக் கீழே இருக்கிறது? மாநில அரசுக்குக் கீழே. மந்திரி மேல் வழக்கு வந்தால், அந்த மந்திரி உட்கார்ந்திருக்கிற அரசுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள்தான் விசாரிக்கணும்.

இதனால் என்ன ஆகுதுன்னு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு உதாரணம் சொல்றேன். கே.கே.எஸ்.எஸ்.ஆர்.ராமச்சந்திரனும் தங்கம் தென்னரசும் 2006-லிருந்து 2011 வரை தி.மு.க. மந்திரிகள். 2011-ல் அ.தி.மு.க. ஆட்சி வந்த பிறகு அவர்கள் மேல் சொத்துக் குவிப்பு வழக்கு போட்டார்கள். 2021-ல் தி.மு.க. திரும்பவும் வந்தது. அதே லஞ்ச ஒழிப்புத் துறை மேல்விசாரணை செய்து, குற்றம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. கீழ் நீதிமன்றம் விடுவித்தது.

அந்தப் பக்கம் ஓ.பன்னீர்செல்வம். 2001-லிருந்து 2006 வரை அ.தி.மு.க. மந்திரி, நடுவில் கொஞ்ச நாள் முதலமைச்சர். 2006-ல் தி.மு.க. வந்ததும் சொத்துக் குவிப்பு வழக்கு. 2011-ல் அ.தி.மு.க. திரும்பியது. மேல்விசாரணை, 2012-ல் விடுவிப்பு.

கட்சி வேற, வருஷம் வேற. நடந்த விதம் மட்டும் ஒரே அச்சு. 2023-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் இதைக் கவனித்து, யாரும் கேட்காமலேயே தாமாக முன்வந்து இந்த வழக்குகளை எடுத்தார். 2024-ல் மூணு பேர் விடுவிப்பையும் ரத்து செய்து, விசாரணை நடக்கட்டும் என்றார். அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். இவர்களில் யாரையும் எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அது இருக்கட்டும். நான் கேட்பது வேற. ஒரே சொத்து, ஒரே துறை. ஆட்சி மாறினதும் "கணக்கு தப்பு" என்பது எப்படி "கணக்கு சரி" ஆகிறது? ரெண்டில் ஏதோ ஒண்ணு பொய்யாக இருக்கணும். ஒண்ணு, குத்தமில்லாதவர் மேல் பழி போட்டிருக்கணும். இல்லை, குத்தவாளியைத் தப்ப விட்டிருக்கணும். எதுவானாலும் நஷ்டம் நமக்குத்தான்.

ஜெயலலிதா அம்மா வழக்கும் உங்களுக்கு நினைவிருக்கும். 1991-லிருந்து 1996 வரைக்கும் முதல்வராக இருந்த காலத்துச் சொத்து பற்றியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் மறுபடி முதல்வர் ஆனார். ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பெரும்பாலானவர்கள் முன்னால் சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசுத் தரப்பு வக்கீல் தடுக்கவில்லை. தி.மு.க. பொதுச்செயலாளர் அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகாவுக்கு மாறியது. 2014-ல் பெங்களூரில் தண்டனை, 2015-ல் விடுதலை, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் திரும்பவும் தண்டனையை உறுதி செய்தது. அப்போது அம்மா உயிரோடு இல்லை. 1996-ல் தொடங்கியது 2017-ல் முடிந்தது. வழக்கு தொடங்கினப்போ பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு, முடிஞ்சப்போ கல்யாணமாகிப் பிள்ளையும் இருந்திருக்கும்.

மாநிலத்தில் மட்டும் இப்படி இல்லை. மத்திய அரசின் அமலாக்கத் துறை எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்குத்தான் போகிறது, கட்சி மாறினவர் வழக்கு தூங்கிடுது என்று எதிர்க்கட்சிகள் சொல்கின்றன. ஆளுகிறவர்கள் மறுக்கிறார்கள். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே பேச்சு அடிபடுது என்றால் காரணம் இருக்கிறது. தணிக்கைக்கு உட்பட வேண்டிய ஊக்குநரே தணிக்கை பண்றவரை வேலைக்கு வெச்சா, அந்தத் தணிக்கையை நீங்க நம்புவீங்களா? அதே சிக்கல்தான் இது.

வேலைக்குக் கொடுத்த பணம்

இதெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்காதீங்க. இப்போ சொல்லப் போவது நம்ம வீட்டுக் கதவைத் தட்டுகிற விஷயம்.

வி.செந்தில் பாலாஜி 2011-லிருந்து 2015 வரை அ.தி.மு.க. ஆட்சியில் போக்குவரத்து மந்திரி. டிரைவர், கண்டக்டர் மாதிரி வேலைகளுக்குப் பணம் வாங்கினார்கள் என்று குற்றச்சாட்டு. பிறகு அவர் தி.மு.க.வில் சேர்ந்தார், 2021-ல் மந்திரி ஆனார். முன்னே குத்தம் சொன்ன கட்சி பதவி கொடுத்தது. முன்னே பதவி கொடுத்த கட்சி குத்தம் சொன்னது. இதற்கிடையில் பணம் கொடுத்தவர்களும் வாங்கினதாகச் சொல்லப்பட்டவர்களும் சமாதானமாகப் போய்விட்டார்கள் என்று ஒரு வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசாங்க வேலையைக் காசுக்கு விற்பது ரெண்டு பேருக்கு நடுவில் முடிகிற பஞ்சாயத்து இல்லை, அது பொதுமக்களுக்கு எதிரான குற்றம் என்றது. தகுதி இருந்தும் காசு இல்லாமல் வேலை கிடைக்காமல் போன பிள்ளை எந்தச் சமாதானத்திலும் உட்காரவில்லையே!

2023 ஜூன் 14-ல் அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. சிறையில் இருந்தபடியே எட்டு மாதம் இலாகா இல்லாத மந்திரியாக இருந்தார். 2024 செப்டம்பர் 26-ல் ஜாமீன். மூணே நாளில் திரும்பவும் மந்திரி. கடைசியில் பதவி வேணுமா, ஜாமீன் வேணுமா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் விலகினார். அரியலூர் பாலத்துக்காகத் தானாக எழுந்த மனுஷனையும், நீதிமன்றம் கேட்ட பிறகு எழுந்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. வழக்கு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாது. அது நீதிபதி வேலை.

ஆனால் அந்த வழக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவர்களையும் சேர்த்து 2,000 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியலில் இருக்கிறார்கள். இத்தனை பேரை நிற்க வைக்க கிரிக்கெட் மைதானம்தான் வேணும் என்று உச்ச நீதிமன்றமே 2025-ல் அதிருப்தியோடு கேட்டது. இத்தனை பேரைச் சேர்த்தால் வழக்கு எந்தக் காலத்தில் முடியும்? அந்தப் பட்டியலில் யார் இருப்பார்கள் என்று யோசிங்க. தாலிக்கொடியை அடகு வெச்ச அம்மாவின் மகன் இருப்பான்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு. ஊர் பேர் வேண்டாம். ஒரு அக்கா கறவை மாடு வாங்கணும்னு உள்கடன் 40,000 ரூபாய் வாங்கினாங்க. தவணை நின்றது. பார்க்கப் போனால் மாட்டுக் கொட்டகை காலி. பையன் வேலைக்கு ஒரு புரோக்கர் கையில் கொடுத்திருக்காங்க. வேலையும் வரலை, புரோக்கரும் ஊரில் இல்லை. கடன் திரும்பாததால் அந்தக் குழுவுக்கு அந்த வருஷம் பேங்க் லோன் தள்ளிப் போச்சு. பன்னிரண்டு பேர் சேமிப்பு முடங்கிச்சு. சின்ன வெங்காயம் போட விதைக்காசு இல்லாமல் ஒருத்தர் வட்டிக்கடைக்குப் போனாங்க. லஞ்சம் கொடுத்தது ஒரு வீடு, வட்டி கட்டினது பன்னிரண்டு வீடு. புகார் கொடுக்கலாம்னு சொன்னப்போ அந்த அக்கா கேட்டாங்க: "கொடுத்தது நானு. நானும்தானே மாட்டுவேன்?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால், கொடுத்த ஏழு நாளுக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ சொல்லிவிட்டால் கொடுத்தவர் மேல் குற்றம் இல்லை. அதைவிட நல்லது, கேட்ட உடனே, கொடுக்கிறதுக்கு முன்னாலேயே போய்ச் சொல்வது. அவர்களே மை தடவின நோட்டு மாதிரி ரசாயனப் பொடி தடவின நோட்டைக் கொடுத்து அனுப்பிக் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். அப்படித் துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுக்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஏழு நாள் கணக்கை மறந்துடாதீங்க. "பையனுக்கு ஆர்டர் வந்தாலும் வரும்"னு ஆறு மாசம் காத்திருந்தால், வாங்கினவன் தப்பிப்பான், கொடுத்தவங்க மாட்டுவாங்க.

நம்ம வீட்டுக்குள்ளே

இவ்வளவு நேரம் மந்திரிகளைப் பேசினோம். இனி நம்மைப் பேசுவோம். இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

சட்டம் ஆளைப் பார்த்துப் பாய்கிறது என்று சொல்கிறோம். நாமும் ஆளைப் பார்த்துத்தானே பாய்கிறோம்? சாதாரண உறுப்பினர் கூட்டத்துக்கு லேட்டா வந்தால் அஞ்சு ரூபாய் அபராதம். ஊக்குநர் லேட்டா வந்தால், "அவங்களுக்கு ஆயிரம் வேலை." நம்ம சொந்தக்காரப் பெண் தவணை தவறினால் "கஷ்டம்." அடுத்த தெருக்காரி தவறினால் "ஏமாத்துறா." பேங்க் லோன் வாங்கித் தர ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுக்கிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். நல்லா வேலை செய்றாங்க, கலெக்டர் ஆபீசில் பழக்கம் இருக்கு என்று வாயை மூடிக்கொள்கிறோம். அவங்களோடு நமக்குச் சண்டை வருகிற அன்றைக்குத்தான் பழைய கமிஷன் கணக்கெல்லாம் வெளியே வருகிறது. மேலே ஆட்சி மாறினதும் வழக்கு வருகிற மாதிரியேதான்.

அதனால் இந்தப் பொதுக்குழுவில் நாலு விதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதுவரை சொன்ன ஒவ்வொரு கதையிலிருந்தும் ஒண்ணு.

முதல் விதி. பொறுப்பில் இருக்கிறவர் மேல் எழுத்துப் புகார் வந்தால், விசாரணை முடிகிற வரைக்கும் அவர் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் குத்தவாளி என்பதற்காக இல்லை. பொறுப்புக்கு மரியாதை அது. சாஸ்திரி எழுந்த மாதிரி எழுந்திருக்கட்டும். பொய்ப் புகாராலேயே ஒருத்தரை எழுப்பிடலாமேன்னு கேட்பீங்க. அதனால்தான் எழுத்தில், பேர் போட்டு, எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று இருந்தால் மட்டும் எடுக்கணும். மொட்டைக் கடிதாசி எடுக்கக் கூடாது.

ரெண்டாவது விதி. விசாரிக்கிறவர்கள் அந்தக் குழுவைச் சேர்ந்தவராகவோ, அவங்க சொந்தமாகவோ இருக்கக் கூடாது. பெரம்பலூர்ப் பக்கத்துப் புகாரை அரியலூர்ப் பக்கத்து மூணு பேர் விசாரிக்கட்டும், அங்கத்துப் புகாரை இங்கத்து மூணு பேர். ரெண்டு மாவட்டம் சேர்ந்த கூட்டமைப்பாக இருப்பதில் நமக்கு இது ஒரு வசதி.

மூணாவது விதி. முப்பது நாளில் முடியணும். ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம், பாஸ்புக் நாலையும் வெச்சுப் பார்த்தால் முப்பது நாள் தாராளம். இழுத்தால் சாட்சி மாறும், நோட்டு காணாமல் போகும்.

நாலாவது விதிதான் எனக்கு ரொம்ப முக்கியம். முடிவு எதுவானாலும் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கணும். தப்பு என்றால் தப்பு, தொகை இவ்வளவு, எப்போ திருப்பிக் கட்டணும் என்று படிக்கணும். தப்பு இல்லை என்றால் அதையும் அதே சத்தத்தில் படிச்சு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, காசோலைப் புத்தகத்தை அவங்க கையில் திருப்பிக் கொடுக்கணும். பழி சொல்லும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்றோம், இல்லைன்னு ஆனதும் காதோடு காதாகச் சொல்றோம். ஒரு பெண் பேருக்கு அது பெரிய அநியாயம்.

இந்த நாலையும் நம்ம வீட்டில் செய்தால்தான் வெளியே கேட்க வாய் வரும். வெளியே கேட்கவும் வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் வரணும். ரோடு போட்ட பில்லையும் கேட்கலாம், தொகுப்பு வீட்டுப் பட்டியலையும் கேட்கலாம். கிராம சபை இருக்கிறது. தேர்தலில் நிற்கிறவர் தன் மேல் என்ன வழக்கு, தனக்கு என்ன சொத்து என்று சத்தியப் பத்திரம் கொடுத்தாகணும். அதை யார் வேணும்னாலும் பார்க்கலாம். பிள்ளைங்க கையில் இருக்கிற போனில் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. எல்லாக் கட்சி வேட்பாளரின் பத்திரத்தையும் குழுக் கூட்டத்தில் படிங்க. ஒருத்தருடையதை மட்டும் படிக்காதீங்க.

கடைசியாக ஒரு வார்த்தை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். அதை நான் பிரசங்கம் பண்ண வரலை. கணக்காக மட்டும் கேட்கிறேன். குழுவில் நூறு ரூபாய் வரவு வந்தால் எதிரில் ஒரு பற்று எழுதுகிறோம். ஓட்டுக்கு ஆயிரம் ரூபாய் வரவு வந்தால் எதிரில் என்ன பற்று எழுதுவீங்க? அஞ்சு வருஷத்துக்கு அவரைக் கேள்வி கேட்கிற உரிமை. அதை நீங்களே பற்று எழுதிக் கொடுத்துட்டு, "அவரை மட்டும் ஏன் பிடிக்கலை"ன்னு கேட்க முடியாது.

நான் சொன்ன நாலு விதியையும் செயற்குழு தீர்மானமாக எடுத்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவிலும் படித்து, ஆட்சேபம் இருந்தால் எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் புகார் யார் மேல் வந்தாலும், அது தலைவி மேல் வந்தாலும் சரி, என் மேல் வந்தாலும் சரி, அதே விதி பொருந்தணும். அப்போதான் அது விதி.